மீன் குறியும் விண்மீனும்: சிந்துவெளி எழுத்துப் படிப்பில் ஒரு மதிப்பீடு

சிந்துவெளி முத்திரைகளில் மீன் வடிவக் குறியும் அதன் வேறுபாடுகளும் ஏறத்தாழப் பத்துக் குறிக்கு ஒன்றாக வருகின்றன. முத்திரை என்பது உடையவன் பெயரையோ பட்டத்தையோ தெய்வத்தின் பெயரையோ தாங்கி வருவது. அதன்கண் உணவு மீனைப்பற்றி இத்துணை முறை பேசுதற்கு இடமில்லை. ஆகவே எழுதியது மீனாயினும் கருதியது வேறாதல் வேண்டும். அவ்வேறு பொருள் திராவிட மொழியில் 'மீன்' என்னும் ஒலியால் உணர்த்தப்படும் விண்மீனே என்பது ஒரு சாரார் கொள்கை. பம்பாய்த் தூய சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய ஈராசு பாதிரியார் இக்கொள்கைக்கு வித்திட்டார். அவருடைய பெருநூல் 1953இல் வெளிவந்தது. பின்லாந்து நாட்டு அறிஞர் அசுகோ பார்ப்போலா அதனை வளர்த்து, 1994இல் வெளியிட்ட நூலில் ஒரு முறைமையாகவே நிறுவ முயன்றார். ஆறு கோடுகளை அடுத்த மீன் அறுமீன், ஏழு கோடுகளை அடுத்த மீன் எழுமீன் என அவர்தம் படிப்பு செல்லும்.

தமிழ் கற்றார்க்கு இதனினும் இனிய செய்தி பிறிதில்லை. இனிமை வேறு, சான்று வேறு. இக்கொள்கை எவ்வளவு பொறை தாங்கும் என்பதனை அளந்து காண்டலே ஈண்டு யாம் மேற்கொண்ட பணி.

இவ்வளவை இன்று வேண்டப்படுவதோர் அளவை. சிந்துவெளி நாகரிகம் உலகிற்கு அறிவிக்கப்பெற்ற நூற்றாண்டினை ஒட்டி, 2025 சனவரி 5ஆம் நாள் சென்னையில் தொடங்கிய கருத்தரங்கில், அவ்வெழுத்தைப் படித்து ஐயமற நிறுவுவார்க்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசிலைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் அறிவித்தார். பரிசில் பெரிது; படிப்புகளும் பெருகும். அவற்றுட் பல சங்கச் சொற்களையே துணையாகக் கொண்டு வரும். அச்சொற்களின் எடை இன்னதென உரைக்கும் பொறுப்பு தமிழ்த் துறைகளைச் சார்ந்தது, பிறர் செய்யார்.

அளத்தற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைப் பசிபிக் மாகடலின் தனித்தீவு ஒன்றினின்றும் எடுத்துக் கொள்கின்றோம். ஈசுடர் தீவு எனவும், அத்தீவினர் மொழியில் ராப்பா நூயி எனவும் வழங்கும் அவ்விடத்து 'ரொங்கோரொங்கோ' என்னும் குறிகள் மரப்பலகைகளில் பொறிக்கப்பட்டன. இன்று எஞ்சியவை ஏறத்தாழ இருபத்தைந்து பொருள்களே. 1862-63இல் பெருநாட்டு அடிமை வணிகர் அத்தீவு மக்களைக் கவர்ந்து சென்றனர். அடுத்து வந்த கொள்ளை நோயும் சேர, படிக்க வல்லார் வழக்கொழிந்தனர். 1864இல் ஐயூசேன் ஐரோ என்னும் சமயப் பணியாளர் பலகைகளைப் பற்றி எழுதியபோதே அவற்றைப் படிக்கும் மரபு தளர்ந்திருந்தது.

இவ்வெழுத்திற்கும் சிந்துவெளி எழுத்திற்கும் உறவு கற்பித்தாரும் உளர். 1932இல் எவேசி என்பார் இருபாற் குறிகளையும் இணையிணையாக வரைந்து காட்டினார். மெத்திரோ என்னும் மானிடவியலறிஞர் 1938இல் அதனை ஆராய்ந்து, ஒப்புமைக்கேற்ப உருக்கள் திருத்தி வரையப்பெற்றிருத்தலை எடுத்துக்காட்டினார். பலகை ஒன்றின் மரம் கி.பி. 1493-1509 அளவினது என 2024இல் வெளியான கரிமக் கணிப்பு கூறுகின்றது. சிந்துவெளி முத்திரைகளோ கி.மு. 2600 முதல் 1900 வரையின. இடையிலுள்ள மூவாயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளையும் ஒரு மாகடலையும் உருவொற்றுமை ஒன்றே தாண்டுமெனில், யாதும் யாதனோடும் உறவாம். யாம் அவ்வுறவினை நாடவில்லை, நாடுவது முறையியலை. உருசிய அறிஞர் கினோரோசவ் இவ்விரு எழுத்துகளையும் ஆராய்ந்தவர் என்பதும் இவ்வொப்பீட்டிற்கு இடந்தருகின்றது.

ரொங்கோரொங்கோவில் ஒரு சொல்லும் இதுகாறும் உறுதியாகப் படிக்கப்படவில்லை. எனினும் 'மாமரி' எனும் பலகையின் ஒரு பக்கத்தில் ஆறாம் வரி முதல் ஒன்பதாம் வரி வரை உள்ள பகுதி திங்களின் இரவுகளைக் கணிக்கும் நாட்குறிப்பு என்பதை ஆராய்வார் பலரும் உடன்படுகின்றனர். செருமானிய அறிஞர் தாமசு பார்த்தெல் 1958இல் இதனைக் கண்டு கூறினார். சாக் கீ என்பார் 1990இல் மேலும் ஆராய்ந்தார். படிக்க இயலாத எழுத்தில் பொருள் மட்டும் புலனாயது எங்ஙனம்?

அப்பகுதியில் பிறை வடிவங்கள் ஒரு மாதத்து இரவுகளின் அளவினவாக நிரல்பட வருகின்றன. ஒரே குறித்தொடர் மீண்டும் மீண்டும் இடையே நின்று அப்பிறைகளைத் தொகுதிகளாகப் பிரிக்கின்றது. அத்தொடரின் இறுதியில் வருவதும் ஒரு மீனே என்பது தமிழர்க்கு வியப்பளிக்கும்! அம்மீன் முற்பகுதியில் தலை மேலாகவும் பிற்பகுதியில் தலை கீழாகவும் நிற்கின்றது. இடையே நிறைமதிக்குரியதாகக் கருதப்படும் தனிக்குறி அமைகின்றது. வளர்பிறையும் தேய்பிறையும் வேறு காட்டப்பெற்றன என்பது பலகையிலிருந்தே பெறப்படும். இவையனைத்தும் அகச்சான்று. இனிப் புறச்சான்று: பலகையைப் படிக்க அறியாத தீவு முதியோரிடமிருந்து, 1886இல் தாம்சனும் பின்னர் மெத்திரோ முதலியோரும் திங்களிரவுகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வைத்தனர். அப்பட்டியலில் சில இரவுகளுக்குத் தனிப்பெயர் உண்டு. சில இரவுகள் முதலாவது, இரண்டாவது என எண்ணால் மட்டும் வழங்கும். எண்ணால் வழங்கும் இரவுகள் தொடரும் இடத்தில் பலகையிலும் அடையற்ற பிறைகள் தொடர்கின்றன. ஒன்றையொன்று அறியாத இரு சான்றுகள் ஒரே நிரலைக் கூறின. ஒலியைப்பற்றி ஒரு கருதுகோளும் இதற்கு வேண்டியிருந்திலது.

நிரல் முதலில், பொருள் அடுத்து, ஒலி கடைசியில். இதுவே யாம் எடுத்துக்கொண்ட அளவுகோல். மீன் குறியின் படிப்போ தலைமாறிச் செல்கின்றது. ஒலியில் தொடங்கிப் பொருளுக்கு வருகின்றது. இதனாலேயே அது பிழை எனல் பொருந்தாது. ஆயின் ஒலியில் தொடங்குவார்க்குச் சுமை மிகும். சிந்துவெளித் தொடர்கள் சராசரி ஐந்து குறிகளே உடையன. இருபத்தேழு நாண்மீன்களின் நிரல் அவற்றுட் காணக் கிடையாது. மாமரிப் பலகை தந்த உதவியை முத்திரை தராது.

இனிப் பார்ப்போலாவின் படிப்புகளைத் தனித்தனி நோக்குவாம். அவை ஒரு தரத்தன அல்ல.

எழுமீனும் அறுமீனும் தலையாயவை. நற்றிணை 231ஆம் பாட்டு எழுமீனைத் தொழப்படுவதாகக் கூறும். அகநானூறு 141 அறுமீனைக் கூறும். எண்ணும் மீனும் சேர்ந்த பெயர் இரண்டும் பழந்தமிழில் உள்ளன; எண்ணும் மீனும் சேர்ந்த குறி இரண்டும் முத்திரையில் உள்ளன. அரப்பாவில் கிடைத்த பெரிய முத்திரை ஒன்றில் ஏழும் மீனுமே முழு வாசகமாக நிற்றல் இப்படிப்பிற்குத் தனி வலிமை. ஏழு மீன்களைக் கணக்கிட்டு உரைப்பதற்கு ஒருவன் கல்லில் முத்திரை வெட்டுவித்தான் எனல் சாலாது. இங்கே ஒலியொப்புமை ஒன்றேயன்றித் தொடரமைப்பும் துணை நிற்கின்றது. ஆதலின் இவ்விரண்டையும் நிறுவப்பட்டவை என்னாது, நிறுவத்தக்கவை என யாம் மதிக்கின்றோம்.

வெண்மீன் அடுத்த தரத்தது. பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே வெள்ளிக் கோள் வெண்மீன் எனப்படுதலின் பெயர்க்குக் குறையில்லை. குறை குறியில் உள்ளது. மீனுக்கு முன் நிற்கும் இரு கோடுகளை இரண்டு பொருட்கு இடைப்பட்ட 'வெளி' எனக் கொண்டு, அதனின்றும் 'வெள்' என்னும் ஒலியைப் பெறுகின்றார் பார்ப்போலா. மூன்று கோடும் ஆறு கோடும் ஏழு கோடும் எண்ணாகும்பொழுது இரண்டு கோடு மட்டும் எண்ணாகாமை என்னை? கோட்டின் நீளம் வேறு என விடை கூறின், அவ்வேறுபாடு மீனுக்கு முன்னர் மட்டுமன்றி வாசகத் தொகுதி முழுவதிலும் பொருந்தி வரல் வேண்டும். வராதவழி, வேண்டியபோது எண்ணும் வேண்டாதபோது ஓவியமுமாகக் கொள்ளும் உரிமையைப் படிப்பவர் தமக்குத் தாமே வழங்கிக் கொள்வதாகும்.

மைம்மீன் இன்னும் மெலிந்தது. புறநானூறு 117இல் வரும் மைம்மீனுக்குச் சனி எனப் பொருள் கொள்ளுதல் பழைய உரை நெறி. மீனின்மேல் கூரை போன்ற வரை அமைந்த குறியை அப்பெயரோடு இணைக்கின்றார். கூரை வேய்தலைக் குறிக்கும் 'மேய்' என்பது 'மை' என்பதனோடு ஒலியால் நெருங்கும் என்பது அவர் கருத்து. வரையைக் கூரை எனக் கொள்ளல் ஒரு படி. கூரையினின்றும் வினைக்குச் செல்லல் ஒரு படி. வினையின் ஒலியை நிறப்பெயரின் ஒலியாக்கல் மூன்றாம் படி. ஒவ்வொரு படியும் கூடுவதே. மூன்றும் ஒருங்கு கூடுவது அரிது. வடமீனும் இத்தகையதே. அத்திமரக் குறியை 'வடம்' எனப் படித்தே வடமீன் பெறப்படுகின்றது. ஆலமரத்திற்குப் பழந்தமிழின் பெருவழக்குச் சொல் 'ஆல்' என்பதை நம் மாணவர் எவரும் அறிவர். அங்ஙனமாகவும் இவ்வைந்து படிப்புகளையும் ஒரே மூச்சில் மேற்கோள் காட்டும் வழக்கம் நம் கட்டுரைகளில் வேரூன்றி விட்டது. வலியதன் நிழலில் மெலியது ஒதுங்குகின்றது. ஈற்றில் மெலியதன் பழி வலியதன்மேல் ஏறுகின்றது.

மொழி வரலாற்றிலும் ஒரு தடை உண்டு. இதனைத் தமிழாய்வார் போதிய அளவு கருதவில்லை. நீர்வாழ் மீனைக் குறிக்கும் 'மீன்' தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, கோண்டி முதலாகத் திராவிடக் குடும்பத்திற் பரந்து காணப்படுகின்றது. விண்மீன் என்னும் பொருளோ அங்ஙனம் பரந்ததன்று. தெலுங்கர் விண்மீனைச் 'சுக்க' என்பர். கோண்டியிலும் அதனோடு இனமான சொல்லே வழங்கும். ஒளிர்தலைக் குறிக்கும் 'மின்' என்னும் அடி பிற மொழிகளிலும் உண்மையின், விண்மீனைக் குறிக்கும் பெயர் அதனின்றும் பழங்காலத்தே பிறந்திருத்தல் கூடும். கூடும் என்பதற்கும் இருந்தது என்பதற்கும் இடையிலுள்ள தொலைவைத் தமிழ்ச் சான்று மட்டும் நிரப்பாது. சங்க நூல்கள் முத்திரைகளுக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு பிற்பட்டவை. ஆறு என்னும் எண்ணே முன்பு சகர முதலாக ஒலித்தது என்பதைக் கோண்டி முதலிய மொழிகள் காட்டுகின்றன. ஆதலின் அரப்பா நகரத்தான் 'அறுமீன்' என்று நம்மைப்போல் ஒலித்தான் எனக் கொள்ளுதற்கில்லை. அறுமீனை நிலைநாட்ட விரும்புவார் அகநானூற்றை மீண்டும் ஒருமுறை புரட்டுவதினும், நடுத்திராவிட, வடதிராவிட மொழிகளின் வான்பெயர்களைத் தொகுத்தல் பயனுடைத்து.

ஐராவதம் மகாதேவன் அவர்களின் பணி இவ்விடத்து நினையத்தக்கது. 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அவருடைய தொகுப்பு 417 குறிகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்தெந்தக் குறியின் முன்னும் பின்னும் வருகின்றது என்பதை நிரல்படக் காட்டிற்று. படிப்பதற்கு முன் எண்ணுக என்பதே அந்நூலின் நெறி. சென்னைத் தரமணியில் உள்ள உரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துச் சிந்துவெளி ஆய்வு மையம் 2007இல் அவர் முயற்சியால் எழுந்தது. அதே தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தாரும், பம்பாய், அமெரிக்க அறிஞரும், மகாதேவனும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரை, இக்குறிகளின் வரிசையமைப்பு மொழிகளின் அமைப்பை ஒத்தது எனக் காட்டிற்று. இவை எழுத்தே அல்ல என 2004இல் எழுந்த மறுப்பிற்கு அது ஒரு விடை. எம்மொழி என்பதற்கு அது விடையன்று. ஆசிரியரும் அங்ஙனம் கூறிற்றிலர். மகாதேவன் 2018இல் மறைந்தார்.

எஞ்சியது நாட்கணிப்புப் பற்றிய வாதம். பழைய நாண்மீன் பட்டியல் கார்த்திகையில் தொடங்குகின்றது. கார்த்திகை இளவேனிற் சமநாட் புள்ளியில் நின்றது கி.மு. இருபத்து மூன்றாம் நூற்றாண்டளவில். அது சிந்துவெளி நகரங்கள் செழித்த காலம். ஆதலின் நாண்மீன் முறை அந்நகரத்தாரது என்பர் பார்ப்போலா. வானியற் கணக்கு செவ்விது. ஆயின் வானம் எந்நாட்டார்க்கும் பொது. அக்காலத்தில் அவ்வாறு விளங்கியது எனக் கணக்கு கூறும். கண்டு குறித்தவர் இன்னார் எனக் கூறாது. கண்டு குறித்தார் என்பதற்கு முத்திரை சான்றாதல் வேண்டும்; முத்திரையை அங்ஙனம் படிப்பதற்கோ நாண்மீன் முறையைச் சான்றாக்குகின்றனர். இவ்வட்டத்தை உடைத்தற்கு ஒரு வழி உண்டு. மீன் குறிக்கு முன் எவ்வெவ் எண்கள் எத்துணை முறை வருகின்றன, அதே எண்கள் கலம் முதலிய பிற குறிகளோடு எத்துணை முறை வருகின்றன என்று மகாதேவன் தொகுப்பினின்றும் கணித்தல் வேண்டும். வானத்தில் தொகுதியாக விளங்கும் எண்களையே மீன் விரும்பி ஏற்று, பிற குறிகள் அவ்வாறு ஏலாவாயின், மாமரியில் பிறைகளின் நிரல் செய்த பணியை ஈண்டு எண்களின் பரவல் செய்யும். எல்லா எண்ணும் எல்லாக் குறியோடும் ஒப்ப வருமாயின், எழுமீன் முத்திரை ஒன்றே தனித்து நிற்கும். முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய கணக்கு இது.