கார்குழலியும் நம் கும்மிப் பாட்டும்

‘கார்குழலி’ என்னும் பெயரைக் கேட்டவுடன் இது தமிழ் நூலென்றே அன்பர்கள் எண்ணக்கூடும். அன்று. கொச்சியில் நெடுங்காலம் வாழ்ந்த யூத மாதர் மலையாளத்தில் பாடிய பாட்டுகளை, எபிரேய மொழிபெயர்ப்புடன் ஸ்கறியா சக்கறியா, ஓஃபிரா கம்லியேல் ஆகிய இருவரும் தொகுக்க, 2005-ஆம் ஆண்டில் எருசலேமில் வெளிவந்த நூல் அது.

இன்ன காலத்தில் செய்யவேண்டும் என்று வரையறுத்த கடமைகள் பலவற்றினின்றும் யூத சமயநெறி மாதரை விலக்கி வைத்துள்ளது. இதனைச் சலுகை என்பாரும் உளர். ஆனால் கடமையில்லாதார்க்கு முன்னின்று நடத்தும் உரிமையும் இல்லாது போயிற்றன்றோ? எனினும் பூரீம் நாளில் எஸ்தரின் வரலாற்றைக் கேட்டல், அனுக்கா விளக்கேற்றல், பஸ்கா இரவில் நான்கு கிண்ணம் திராட்சரசம் அருந்தல் ஆகிய மூன்றும் மாதருக்கும் கடமையே. அவ்வற்புதங்களில் அவர்களுக்கும் பங்குண்டு என்பதே தல்மூது காட்டும் காரணம்.

கொச்சியிலும் மறை ஓதுதல் ஆடவர் கையிலேயே இருந்தது. மாதர் மேல்மாடத்தில் அமர்ந்தனர். ஆயினும் திருமணத்திலும் பண்டிகையிலும் அவர்கள் மறைக்கதைகளைத் தாய்மொழியில் பாட, ஆடவர் மதிப்புடன் செவிமடுத்தனர். அப்பாட்டுகள் கையெழுத்துக் குறிப்பேடுகளில் தலைமுறைதோறும் காக்கப்பட்டன. 1950-களில் அச்சமூகத்தின் பெரும்பகுதி இஸ்ரவேலுக்குக் குடிபெயர்ந்தபோது ஏடுகளும் உடன் சென்றன. விதி கொடாத இடத்தை ஏடு ஓரளவு கொடுத்தது. இதைக் கொண்டு, பாட்டே போதும், ஓதும் உரிமை வேண்டா என வாதிப்பது பிழையாகும்.

இனி நம் கெடாத் தோட்டங்களை நோக்குவோம். மாரியம்மன் திருவிழாவில் பொங்கல் வைப்பவர் யார்? பால்குடம் சுமப்பவர் யார்? கும்மி கொட்டிப் பாடுபவர் யார்? அழைப்பிதழிலோ தலைவர் முதல் பொருளாளர் வரை ஆடவர் பெயரே! அவ்வழைப்பிதழ்களைத் தட்டெழுத்தில் அடித்துக் கொடுத்த கிராணி நாமே. ஆண்டுதோறும் கும்மிக்கு முதலடி எடுத்துக் கொடுத்த முதிய அம்மாளின் பெயரைச் சேர்க்க ஒருமுறையேனும் நமக்குத் தோன்றவில்லை. அவர் மறைந்தார், அவருடன் பாட்டும் மறைந்தது.

தோட்டங்களை விட்டு நம்மவர் பலர் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்துவிட்ட இந்நாளில், அப்பாட்டுகளுக்கு ஏடன்றி வேறு வீடில்லை. கற்ற பெண்கள் ஆளுக்கொரு குறிப்பேட்டுடன் தம் பாட்டியரிடம் சென்று எழுதுவார்களாக. கோயிற் குழுவினர் அவர்தம் பெயரை அழைப்பிதழில் அச்சிடுவதோடு குழுவிலும் இடம் அளிப்பார்களாக. உழைப்பில் பங்குடையோருக்குப் பெயரிலும் பங்குண்டு என்பதே நமது துணிபு.