நேர்மைக்கு ஓர் எண்

சீட்டு என்றதும் ஆசிரிய அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. இது சூதாட்டச் சீட்டன்று. ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளித் தொலைக்காட்சித் தொடரைத் தழுவி, அமெரிக்காவின் டெசிஃபர் நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட சேகரிப்புச் சீட்டாட்டத்தில் ஒன்று. விண்கலத் தலைவர் பிக்கார்டின் சீட்டு. சிரம்பானில் பணியிலிருக்கும் என் மகன் காட்டினான்.

படத்துடன் தலைமை, தூது, தொல்பொருளாய்வு முதலிய திறன்களும், நேர்மை, சூழ்ச்சி, வலிமை என்பவற்றுக்கு மூன்று எண்களும் உள. நேர்மை முன்னும் வலிமை பின்னும் நிற்பது போற்றத்தக்கது. ‘கன்னிங்’ என்பதைச் சூழ்ச்சி எனப் பெயர்த்தேன். நம் முன்னோர் அச்சொல்லை ஆராய்ந்தெண்ணுதல் என்ற பொருளில் ஆண்டனர். வஞ்சகம் பின்னர் ஒட்டியது. ஆங்கிலச் சொல்லுக்கும் அதே கதிதான்!

ஆயினும் ஆட்டவிதி ஒன்றை ஏற்க இயலவில்லை. சிலவிடங்களில் குழுவினர் அனைவரின் நேர்மை எண்களையும் கூட்டுகின்றனர். வலிமையைக் கூட்டலாம், நால்வர் சேர்ந்தால் சாய்ந்த மரத்தை நகர்த்தலாம். நீர் கலந்த இரப்பர்ப் பாலைப் பத்து வாளி ஒன்றாய் ஊற்றினும் கெட்டியாகுமோ? அரைகுறை நேர்மையர் சிலர் கூடிப் பிக்கார்டின் இடத்தை நிரப்பலாமெனின், அச்சீட்டின் முதல் எண்ணுக்கு மதிப்பேது? திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் குணத்தோடு குற்றத்தையும் நாடச் சொல்கிறது. இச்சீட்டில் குற்றத்துக்கு இடமே இல்லை.

எங்கள் தோட்டப் பள்ளியில் மாணவர் நன்னடத்தைக்கு மதிப்பெண் இடும் படிவம் ஒன்றை யானே வரைந்திருந்தேன். அதிலும் கூட்டுத்தொகைக்கு ஒரு கட்டம் இருந்தது. சென்ற வாரம் அதனை அடித்துவிட்டேன்.