பெட்டியை எங்கே வைப்பது?

விமானத்தில் சைக்கிள் கொண்டுபோகிறவர்களுக்கு இரண்டு விரோதிகள். ஒன்று, மூட்டைகளைத் தூக்கிப் போடும் கைகள். மற்றது, 62 என்கிற எண். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 62 அங்குலம், எடை 23 கிலோ. தாண்டினால் பல விமான நிறுவனங்களில் பர்ஸைத் திறக்க வேண்டும். இந்த இரண்டையும் ஜெயிக்கச் செய்த பெட்டிகளை சினிமா மாதிரி விமரிசனம் செய்து பார்க்கலாமே!

முதலாவது, முழு சைக்கிளையும் விழுங்கும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. சக்கரம், பெடல் எல்லாம் கழற்ற வேண்டும். (இடது பெடலுக்கு மரை தலைகீழ். வலது பக்கம் சுற்றினால்தான் கழலும்.) டயரில் காற்றை இறக்கு என்பார்கள். சாமான் அறையிலும் பயணிகள் அறை போலவே காற்றழுத்தம் உண்டு. வெற்றிடமாகவே இருந்தாலும் கூடுதல் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டுதான். நல்ல டயர் அதற்கெல்லாம் வெடிக்காது. சைக்கிள் பத்திரமாகப் போய்ச் சேரும். சரி, இறங்கியபின் அந்தப் பூதப் பெட்டியை எங்கே வைப்பது? ஏதாவது ஓட்டலில் விட்டுவிட்டு, அதை எடுக்கவே அதே ஊருக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டாவது, அமெரிக்காவின் எஸ் அண்ட் எஸ் இணைப்பு. ஃபிரேமை இரண்டு இடத்தில் வெட்டி, பல் வைத்த திருகு மூட்டு போடுகிறார்கள். பிரித்தால் பெரிய சக்கரங்களோடு 26 x 26 x 10 பெட்டிக்குள் அடங்குகிறது. கூட்டிப் பாருங்கள், 62! வெண்பா மாதிரிக் கச்சிதம். ஆனால் பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மூன்றாவது, ஆரிகன் மாநிலத்து யூஜின் நகரில் 1992-ல் தொடங்கிய 'பைக் ஃப்ரைடே'. 20 அங்குலச் சக்கர சைக்கிள் சூட்கேஸுக்குள் மடங்குகிறது. இறங்கியதும் சூட்கேஸுக்கு அடியில் இரண்டு சக்கரம் மாட்டி, சைக்கிளுக்குப் பின்னால் வண்டியாக இழுத்துப் போகலாம். மேட்டில் மூச்சு வாங்கும், சின்னச் சக்கரத்துக்குப் பள்ளமெல்லாம் தெரியும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். மற்றவர்கள் விமானப் பயணத்தோடு யோசனையை நிறுத்திவிட்டார்கள். இவர்கள் இறங்கியபின் என்ன என்றும் யோசித்திருக்கிறார்கள்.

கூரியர் அட்டைப் பெட்டி ஒன்றுக்கும் ஆறுதல் பரிசு தரலாம். 2016-ல் டச்சுக் கம்பெனி வான்மூஃப், சைக்கிள் பெட்டிமேல் பெரிய டிவி படத்தை அச்சடித்தது. சேதம் 70, 80 சதவிகிதம் குறைந்ததாகச் சொன்னார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சைக்கிளை டிவி என்று சொன்னால்தான் மரியாதை கிடைக்கிறது என்பது கொஞ்சம் வருத்தமான சமாசாரம். கம்பெனியே 2023-ல் திவாலானது.

எப்போதோ ஒருமுறை பறப்பவர்கள் இவ்வளவு செலவழிக்க வேண்டாம். புது சைக்கிள் வந்த அட்டைப் பெட்டியைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். போய் இறங்கியதும் பழைய பேப்பர்காரருக்குப் போடுங்கள். திரும்பும்போது அந்த ஊர்க் கடையில் வேறொன்று கேளுங்கள். மேலே டிவி வரைவது உங்கள் இஷ்டம்.