இரண்டு குண்டு, ஒரு பொட்டு

ஒரு சாண் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் உருளை. அடித்தட்டின் நடுவில் ஒரு சின்ன எஃகுக் குண்டு. மேல்தட்டின் நடுவில் இன்னொன்று. எக்ஸ்ரே மேசையில் அதை நிறுத்திப் படமெடுப்பார்கள். கதிர் செங்குத்தாக இறங்கினால் இரண்டு குண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே வெள்ளைப் பொட்டாகும். எக்ஸ்ரே குழாய் சாய்ந்திருந்தால் மேல்குண்டு விலகி நின்று காட்டிக்கொடுக்கும். ஒன்றரை டிகிரி வரை பொறுக்கலாம் என்பது கணக்கு. இனயம் கரையோரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே மெஷின் பொருத்தியபோது, தடுப்புக்குப் பின்னால் நின்று அந்த ஒற்றைப் பொட்டைக் கண்டேன். எத்தனை எளிய சோதனை, எத்தனை நேர்மையான விடை!

அந்தப் பொட்டுக்கு முன்னால் இரண்டு நாள் உழைப்பு இருக்கிறது. ரசமட்டம் வைத்து வைத்து, குழாய் நகரும் தண்டவாளத்தைச் சமன் செய்தார்கள். கதவை மட்டும் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தானே கதிரைத் தாங்கிக்கொள்ளும். மரக்கதவுக்கு ஈயத் தகடு வேண்டும். இரண்டு தகடு சேரும் இடத்தில் விளிம்போடு விளிம்பு முட்டவிடாமல், ஓலை வேய்கிறவர் ஓலைமேல் ஓலை ஏற்றுவதுபோல ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றினார்கள். தகட்டைத் துளைத்த ஒவ்வொரு திருகாணியின் தலைக்கும் ஒரு துண்டு ஈயம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று கசிந்துவிடக் கூடாதே என்று கண்ணுக்குத் தெரியாத துளைகளை அடைக்கும் அக்கறை அது.

அடுத்தது நாணயங்கள். கதிர் எங்கே விழும் என்பதை மெஷினில் உள்ள ஒரு விளக்குச் சதுரம் முன்கூட்டிக் காட்டும். அந்தச் சதுரத்தின் நான்கு ஓரத்திலும் காசு வைத்துப் படமெடுத்தார் மெஷினைப் பொருத்த வந்த எஞ்சினியர். நூறு செ.மீ. தூரத்தில் 2 செ.மீ.-க்குமேல் பிசகினால் தேறாது. வெளிச்சம் ஒன்று சொல்லிக் கதிர் வேறெங்கோ விழுந்தால், படம் பாழாகும். நோயாளி இன்னொருமுறை கதிரை வாங்க வேண்டிவரும்.

மெஷினுக்கு உள்ளே கைவைக்கும் முன் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நான் உள்ள நிக்கும்போ வேற யாரும் போட்டுரக் கூடாதுல்லா" என்றார். அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். சற்றுப் பொறுத்து, எர்த் கம்பியால் தொட்டு அதை இறக்கிவிட்ட பிறகே விரல் போனது. மறுபடி மெயினைப் போட்டு, பொத்தானைப் பாதி அழுத்தினார். குழாய்க்குள் சக்கரம் சுழன்று 'உம்ம்' என்று ஒரு சீரான ஓசை எழுந்தது. தலைசாய்த்துக் கேட்டார். பேரிங் தேய்ந்தால் அந்த ஓசைதான் முதலில் கரகரக்குமாம்.

எல்லாவற்றையும்விட என்னைத் தொட்டது கசிவு பார்க்கும்முன் அவர் செய்த ஒரு காரியம். மெஷினைப் போடாமலே, கதிர் அளக்கும் மீட்டரோடு அறையையும் வாசலையும் சுற்றி வந்து, அது காட்டிய எண்களை எழுதிக்கொண்டார். இந்தக் கரையில் மீட்டர் சும்மா இருக்காது. மணவாளக்குறிச்சி, மிடாலம், இனயம் என்று நீளும் கருமணலில் மோனசைட் இருக்கிறது; மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் கண்டுகொண்ட செல்வம் அது. மண்ணுக்குரியதை மண்ணுக்கு எழுதிவிட்டு, மெஷினுக்குரியதை மட்டும் மெஷின் கணக்கில் வைத்தார் அவர். குழாய்க்கு வெளியே ஒரு மீட்டர் தூரத்தில், ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லிகிரே என்பது வரம்பு. அதற்கும் வெகு கீழேதான் கசிவு நின்றது. ஆனாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதே சோதனைகளை மறுபடி செய்தாக வேண்டும்.

அனுமதியெல்லாம் முடிந்து அறை திறந்த நாளில், மீன்கூடை சுமந்து வழுக்கி விழுந்த ஓர் அம்மா கையைத் தாங்கியபடி வந்தார். வாசலிலேயே நின்று, "மக்களே, இதுக்குள்ள கதிரு நிக்குமா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. சுவிட்சை விட்டா, விளக்கணைச்ச மாதிரி, ஒண்ணுமே இல்ல" என்றார் டெக்னீஷியன்.

அம்மா கையை மேசைமேல் வைத்தார். விளக்குச் சதுரம் சுருங்கிச் சுருங்கி, அந்த மணிக்கட்டின் அளவுக்கு வந்து நின்றது.