வரையச் சொன்ன நம்பிக்கை

நினைவேந்தலுக்காகக் கூடிக் கலை செய்யும் பட்டறை இப்போது ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. போரோ ஆழிப்பேரலையோ கொள்ளைநோயோ, பின்னாலேயே சார்ட் தாளும் வண்ணப் பென்சிலும் வந்து இறங்குகின்றன. பேச்சு வராதவருக்குக் கைவேலை துணை என்பதும், தனித்தனி வீடுகளில் முடங்கிய துக்கம் ஒரே பாயில் வந்து அமர்கிறது என்பதும் உண்மைதான். எனக்கு நெடுநாளாக உறுத்துவது வேறு: முதலில் நினைவு, முடிவில் நம்பிக்கை என்று இந்தப் பயிற்சிகள் முன்கூட்டியே வகுத்துவைத்திருக்கும் வரிசை.

பல நாடுகளுக்கும் பரவிய 'வாழ்க்கை மரம்' பயிற்சியைப் பார்க்கலாம். ஜிம்பாப்வேயின் ந்கசெலோ ந்கூபேயும் ஆஸ்திரேலியாவின் டேவிட் டென்பரோவும், ஆப்பிரிக்கத் தென்பகுதியில் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளை மனத்தில் வைத்து உருவாக்கியது அது. வேரில் பூர்விகம், அடிமரத்தில் திறமை, கிளையில் கனவு, இலையில் வேண்டியவர்கள். எல்லார் மரமும் சேர்ந்தால் காடு. புயலைப் பற்றிப் பேசவும் அதில் இடமுண்டு. இழப்பே தன் முழு அடையாளம் என்று ஒரு குழந்தை எண்ணிவிடக் கூடாது என்ற அக்கறை நியாயமானது. ஆனால் இழப்பே இன்னும் முடிவாகாதவரிடம் அந்தக் கிளையை நீட்டினால்? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரம் அமர்ந்த தாய்மார் கேட்டது ஆறுதலை அல்ல, பதிலை. அவர்களில் ஒருவர் 'மகன் வருவான்' என்று கிளையில் எழுதினால் அது ஆறாத மனமாகப் படிக்கப்படும். 'தையல் மெஷின் வாங்குவேன்' என்று எழுதினால் மீட்சியாகக் காட்சிக்குப் போகும். நிதி கொடுத்தவருக்கு அனுப்பும் அறிக்கைக்கும் பின்னதுதான் தோதானது.

கூட்டுக் கலைக்கு ஏதாவது விதி வேண்டாமா என்பார்கள். வேண்டும், எதற்கு விதி என்பதே கேள்வி. எய்ட்ஸால் இறந்தவர்களுக்காகத் தைக்கப்பட்ட எய்ட்ஸ் நினைவுப் போர்வைக்கு ஒரு துண்டு மூன்றடிக்கு ஆறடி, ஏறத்தாழ ஒரு சவக்குழியின் அளவு. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. விதி அளவோடு நின்றது. கோபமோ கேலியோ காதலோ, தைத்தவர் பாடு. யாழ்ப்பாண ஓவியர் சனாதனனின் 2011ஆம் ஆண்டு 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூலில், இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தார்கள். கேட்கப்பட்டது வீடு, அதில் துக்கமும் ஏக்கமும் தாமாக ஏறின. சர்வாதிகாரி பினோசேயின் காலத்தில் சிலியின் பெண்கள் தேவாலய ஆதரவில் தைத்த அர்பியேரா என்னும் துணிச்சித்திரங்களில் மலைமேல் சூரியன் அடிக்கடி வருமே என்று யாரும் மடக்கலாம். அதுவும் ஒரு வாய்பாடாகியிருக்கக்கூடும். ஆனால் அந்தச் சூரியனுக்குக் கீழேயே காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி 'எங்கே அவர்கள்?' என்ற கேள்வியையும் தைத்தார்கள். வெளிச்சத்தைக் காட்டிக் கேள்வியை அடைக்கவில்லை. நம்பிக்கையை வரைய உண்மையிலேயே விரும்புகிறவர்களும் உண்டே என்றால், உண்டு. அவர்கள் கேட்காமலேயே வரைவார்கள்; அதற்கென்று தாளில் தனிக் கிளை ஒதுக்க வேண்டியதில்லை.