தகட்டில் ஒரு வட்டம்

வீட்டிலேயே மாற்றியமைத்த கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்றை யாராவது என்னிடம் காட்டினால், என் கண் முதலில் தேடுவது அதில் கையால் வெட்டிய ஓட்டையைத்தான். பக்கவாட்டுக் கண்ணாடி, உள்ளே மின்னும் வண்ண விளக்கு, பளபளக்கும் குமிழ் எல்லாம் காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும். 120 மில்லிமீட்டர் ஃபேனுக்காகத் தகட்டில் வெட்டிய வட்டம் எந்தக் கடையிலும் கிடைக்காது. அது எங்காவது முட்டை வடிவில் இழுபட்டிருக்கிறதா, பிளேடு தடம் மாறிய இடத்தில் பல் தெரிகிறதா, விளிம்பில் பிசிறு போயிருக்கிறதா என்று பார்த்தால் போதும், செய்தவருக்கு எவ்வளவு பொறுமை என்று தெரிந்துவிடும். பணம் குறைவாக இருக்கும்போது இந்தக் கலை இன்னும் மெருகேறுகிறது என்பது என் அனுபவம். வாங்கிச் சேர்க்க வழியில்லாதவர் எதை வெட்டி எடுக்கலாம் என்று யோசிக்கத் தொடங்குவார். நல்ல வேலை அங்கேதான் பிறக்கிறது.

இந்தக் கலை உயிரோடு இருப்பதற்கு 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையும் ஒரு காரணம். முழு அளவு மதர்போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், திருகு ஓட்டைகள் இன்னின்ன இடத்தில், பின்பக்கச் சாளரம் இந்த அளவில் என்று அன்று எழுதிவைத்தது இன்றும் மாறவில்லை. அதனால்தான் இருபது வருடப் பழைய இரும்புப் பெட்டிக்குள் போன மாதம் வாங்கிய மதர்போர்டு அலட்டிக்கொள்ளாமல் உட்காருகிறது. கம்ப்யூட்டர் உலகில் பத்து வருடம் தாக்குப்பிடிக்கும் பொருளே அபூர்வம். கேபினெட் அந்த அபூர்வங்களில் ஒன்று.

தொடக்கத்தில் இது அலங்காரத்துக்காகப் பிறந்த கலையும் இல்லை. 1998இல் இன்டெல்லின் செலரான் 300ஏ சிப் வந்தது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்ற அந்தச் சிப்பை 450 வரைக்கும் விரட்டலாம் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரியர்கள் கண்டுகொண்டார்கள். விரட்டினால் சூடு ஏறும். சூட்டை வெளியேற்ற அந்தக் காலத்துப் பழுப்பு வெள்ளைப் பெட்டிகளில் வழி போதவில்லை. ஆகவே கூரைத் தகட்டில் ஓட்டை போட்டு ஒரு ஃபேனை மாட்டினார்கள். அதே வருடம் ஆப்பிள் நிறுவனம் நீலப் பச்சை நிறத்தில், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும்படி ஐமேக்கைக் கொண்டுவந்தது. பெட்டிக்கும் ஒரு முகம் இருக்கலாம் என்று அது உலகத்துக்குக் காட்டியது. ஓட்டை போடத் துணிந்த கைகள் பிறகு பக்கவாட்டில் சன்னல் வெட்டின, விளக்கு வைத்தன. கொஞ்ச காலத்திலேயே தொழிற்சாலைகள் அதையெல்லாம் கவனித்துத் தாமே செய்து விற்கத் தொடங்கின. 2005இல் ஆன்டெக் வெளியிட்ட பி180 கேபினெட்டில், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கென்று அடிப்பகுதியில் தனி அறை, சத்தத்தை அடக்க மூன்று அடுக்குப் பக்கத் தகடு. வீட்டுப் பட்டறைகளில் தனித்தனி ஆட்கள் அரத்தோடு போராடித் தேடியது அங்கே ஒழுங்காக அச்சேறியிருந்தது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். சென்னை ரிச்சி தெருவில் புதுப் பெட்டி வரிசையாக நிற்கும். குறைந்த விலைப் பெட்டியின் பக்கத் தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே அமுங்கும். பலவற்றில் தகடு அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். காயலான் கடையில் எடைக்கு வந்து கிடக்கும் பழைய அலுவலகக் கேபினெட்டைத் தூக்கிப் பாருங்கள், கை இறங்கும். அதில் 0.8 மில்லிமீட்டர் தகடு கிடைப்பதுண்டு. விரல் முட்டியால் தட்டினால் புதுப்பெட்டி டின்போல அலறும், இது அடங்கிய குரலில் பதில் சொல்லும். நான் எப்போதும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வாங்குவேன். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால், பெட்டிக்குப் போனது போக ஒரு நல்ல ஃபேனுக்கும், ஓர் அரத்துக்கும், ஒரு டப்பா பெயின்டுக்கும் மிஞ்சும். டிரில்லிங் மெஷினை மட்டும் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பழைய பெட்டிகளின் பெரிய குறை, மூச்சுவிட வழியில்லாதது. முன்பக்கம் முழுக்க மூடிய பிளாஸ்டிக். அதற்குப் பின்னால் இரும்புத் தகட்டில் சின்னச் சின்னத் துளைகளாகக் குத்தியிருப்பார்கள், திறந்த இடத்தைவிட மூடிய இடம் அதிகமாக இருக்கும். குளிர்நாட்டில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் சென்னை அறைக்குள் 40 டிகிரி நிற்கும்போது பொறுக்க முடியாது. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறையைவிடக் குளிர்ந்த காற்றை அதனால் தர முடியாது, அந்த 40 டிகிரிக் காற்றைத்தான் அது உள்ளே தள்ளுகிறது. அதனால் வருகிற காற்றாவது தடையில்லாமல் வர வேண்டும்.

துளைத் தகட்டை வட்டமாக வெட்டி எறிந்துவிட்டு, அங்கே ஒரு கம்பி வலையை மாட்டுவது இந்தக் கலையிலேயே மிகச் சிக்கனமான வேலை. பலனில் அதுதான் முதலிடம் என்று நான் அடித்துச் சொல்வேன். காற்று கூடும், சத்தம் குறையும். துளைகளின் கூர் விளிம்பில் மோதிக் காற்று கிழிபடும்போதுதான் அந்த ‘உஸ்’ எழுகிறது. தடை போனபிறகு ஃபேனை மெதுவாக ஓடவிடலாம். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் அது தின்னும் மின்சாரம் எட்டில் ஒன்றாக இறங்கும், சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் விழும் என்பது ஃபேன் பொறியியலின் பழைய கணக்கு. 80 மில்லிமீட்டர் ஃபேன் இருந்த இடத்தில் 120ஐ வைக்க இடம் கிடைத்தால் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகிறது. பெரிய ஃபேன் சோம்பலாகச் சுற்றிக்கொண்டே அதே வேலையை முடித்துவிடும்.

இனி வெட்டும் வேலை. முதலில் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இரும்புத் தூள் ஒரு துளி மதர்போர்டில் விழுந்தாலும் ஷார்ட் ஆகக்கூடும். தகட்டின்மேல் மாஸ்கிங் டேப்பை அகலமாக ஒட்டினால் பென்சில் கோடும் தெளிவாக விழும், வழுக்கும் பிளேடு பெயின்டையும் கீறாது. 120 ஃபேனின் திருகு ஓட்டைகளுக்கு நடுவே 105 மில்லிமீட்டர் இடைவெளி. அந்தச் சதுரத்தை வரைந்து மூலைக்கு மூலை கோடு இழுத்தால் நடுப்புள்ளி தானே வந்துவிடும். அங்கே கவராயத்தை ஊன்றி 57 மில்லிமீட்டர் ஆரத்தில் வட்டம் போடலாம். வசதியுள்ளவர் இதற்கென்றே விற்கும், வட்ட ஓட்டை வெட்டும் ரம்பத்தை டிரில்லில் மாட்டி ஒரே நிமிடத்தில் வெட்டிவிடுவார். அது இல்லாதவர் வட்டத்துக்குச் சற்று உள்ளே தள்ளி, 3 மில்லிமீட்டர் பிட்டால் ஒட்ட ஒட்டத் துளை போட்டுக்கொண்டே போக வேண்டும். தகட்டுக்குப் பின்னால் ஒரு மரப்பலகையை இறுக்கிவைத்தால் அது அதிராது. பிறகு ஆக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள பாலங்களை அறுத்துவிட்டால் நடுத்தகடு ‘டங்’ என்று கழன்று விழும். அப்போது கிடைப்பது பற்களோடு கூடிய கரடுமுரடான ஓட்டை.

அதை வட்டமாக்குவது அரைவட்ட அரத்தின் வேலை. இந்தப் பகுதியைத்தான் எவ்வளவு சொன்னாலும் எனக்கு மாளாது. அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். பின்னே இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும், தேய்த்தால் அரத்தின் பல்தான் மழுங்கும். நேராகத் தள்ளினால் வட்டத்தில் தட்டையான முகங்கள் விழும். தள்ளும்போதே மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பி, அரத்தை வளைவின் ஓரமாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். தொடக்கத்தில் கரகரவென்று பல் பல்லாகக் கேட்கும் சத்தம், கோட்டை நெருங்க நெருங்க ஒரே சீரான இழைச் சத்தமாக மாறும். கண் தவறவிடும் மேட்டைக் காது பிடித்துவிடும். கடைசியில் ஒரு துண்டுப் பஞ்சை விளிம்பில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது பஞ்சு நூல் சிக்கினால் அங்கே இன்னும் பிசிறு இருக்கிறது. பஞ்சு சிக்காமல் முழு வட்டமும் ஓடி வரும் அந்தக் கணத்தின் திருப்தி, ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய பெட்டியைப் பிரிக்கும்போது எனக்கு வந்ததில்லை.

வெட்டிய விளிம்பை அப்படியே விடக் கூடாது. தகட்டின்மேல் துருவைத் தடுக்க ஏற்றியிருந்த துத்தநாகப் பூச்சு வெட்டிய இடத்தில் போய்விட்டது. கடற்கரை ஊர்க் காற்றில் துரு பிடிக்க நாள் கணக்கே வேண்டாம். அன்று மாலையே ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு கொடுத்துவிடுவது நல்லது. அதன்மேல் ரப்பர் பீடிங் போட்டு மறைப்பவர்கள் உண்டு. அது தவறில்லை, ஆனால் நன்றாக அரம் போட்ட விளிம்பைத் திறந்து வைத்திருக்கும் வேலையை எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும்.

தூசிக்கு ஒரு வழி சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் தெருக்களில் தூசி இல்லாத வீடு இல்லை. உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி ஃபேன்களை அமைத்தால், பெட்டியின் இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் கசியும், தூசியை உள்ளே உறிஞ்சாது. அப்புறம் காற்று நுழையும் ஒரே வழியில் வடிகட்டி வைத்தால் போதும். நைலான் கொசுவலைத் துண்டு அதற்கு அருமையாகப் பொருந்தும். சட்டமாகப் பழைய ஃபிரிட்ஜ் கதவின் ரப்பருக்குள் இருக்கும் காந்தப் பட்டையை உருவி ஒட்டிக்கொள்ளலாம். இரும்புப் பெட்டியில் தானே பற்றிக்கொள்ளும், வாரம் ஒருமுறை கழற்றிக் குழாயடியில் அலசலாம். நான் பார்த்த சிக்கன யோசனைகளில் இதற்கு இணையானது வேறு இல்லை. வலையின் கண் மிகச் சிறியதாக இருந்தால் காற்றும் திணறும், அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

சுற்றும் ஹார்ட் டிஸ்க் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய வித்தை. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தகடு வாங்கிப் பெரிதாக்கும்போதுதான் ராத்திரி நேரத்தில் அந்த ரீங்காரம் கேட்கிறது. டிஸ்க்கைத் திருகாமல், தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் எலாஸ்டிக் நாடாவில் தொங்கவிட்டால் ரீங்காரம் ஏறக்குறைய மறைந்துவிடும். பெட்டியை இடம் மாற்றும்போது மட்டும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். எஸ்எஸ்டி வந்தபிறகு இந்த வித்தைக்குத் தேவை குறைந்துவிட்டது. அழகான யோசனை என்பதால் சொல்லிவைக்கிறேன்.

பெயின்டில்தான் பலருடைய வேலை கெடுகிறது. பளபளப்பான கறுப்பு ஆசைகாட்டும், ஆனால் தகட்டின் ஒவ்வொரு நெளிவையும் அது ஊருக்கே சொல்லிவிடும். மங்கல் நிறம் மன்னிக்கும். ஸ்ப்ரே கேனை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெல்லிய பூச்சாகப் பல தடவை அடித்து, இடையிடையே 600, 1000 எண் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் பெயின்ட் வெளுத்துப் பூத்துப்போகும். தை, மாசி நல்ல காலம், பனி ஈரம் உலர்ந்த காலை நல்ல நேரம். தெருமுனை டூவீலர் டிங்கரிங் பட்டறையில் பழக்கம் இருந்தால், ஏதாவது ஒரு வண்டியின் டேங்குக்குக் கலக்கிய பெயின்டில் மிச்சத்தை உங்கள் பக்கத் தகட்டுக்கும் அடித்துக் கொடுப்பார்கள். அந்தக் கைக்கு எந்த ஸ்ப்ரே கேனும் ஈடாகாது. பெயின்டே அடிக்காமல் விடுவதும் ஒரு நல்ல தேர்வு. மஞ்சளித்துப்போன பழைய பிளாஸ்டிக் முகப்பை, சலூன்களில் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீம் தடவி வெயிலில் வைத்து வெளுக்கவைக்கலாம். கையுறை கட்டாயம். வெளுத்த பழுப்பு முகப்பும் உள்ளே ஓசையில்லாமல் ஓடும் புது இயந்திரமும் சேர்ந்த பெட்டியைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது.

வண்ண விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் இருப்பது கொஞ்சம் பணம் என்றால் அது முதலில் ஃபேனுக்குப் போகட்டும்.

உயிரைத் தொடும் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். அடுத்து, மதர்போர்டு திருகு தொடும் இடத்திலும் எஸ்எம்பிஎஸ் தகட்டோடு சேரும் இடத்திலும் பெயின்ட் அடிக்காமல் வெறும் உலோகமாக விடுங்கள், எர்த் இணைப்பு அந்த உலோகத் தொடர்பின் வழியாகத்தான் போகிறது.

பரணில் ஒரு பழைய கேபினெட் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்கித் துடைத்து, முன்பக்கத் தகட்டில் ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். மற்ற கருவிகளை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், மலிவானதே போதும். அரைவட்ட அரத்தை மட்டும் உங்கள் காசில் வாங்குங்கள், அதில் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்.