எர்த் குழியில் தொடங்கிய அப்கிரேடு

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. மதியம் இரண்டு மணி. சூலக்கரையில் எங்கள் வீட்டு முன்னறையில் தம்பி விளையாடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. நீலத் திரை வரவில்லை, எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, கரண்ட் போகவில்லை. கேபினெட்டைத் தொட்டேன். விரல் நுனியில் சுர்ரென்று ஏறியது.

“அண்ணே, கார்டு போச்சுண்ணே. புதுசு போட்டாச் சரியாயிரும்” என்றான்.

அந்தப் பேச்சைக் கேட்டு அன்றே கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தால் புதுக் கார்டையும் கெடுத்திருப்போம். ஆறு வருஷப் பழைய கேமிங் கம்ப்யூட்டரை எந்த வரிசையில் சோதித்து, எந்த வரிசையில் மேம்படுத்த வேண்டும் என்பதை அடுத்த மூன்று வாரங்களில் கற்றுக்கொண்டேன். இந்த விமர்சனத்தில் வரும் பொருள்கள் மூன்று: ஒரு 550 வாட் எஸ்எம்பிஎஸ், ரைசன் 5 5600 பிராசசர், ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டு.

2019இல் அசெம்பிள் செய்த மெஷின் இது. ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, ஒற்றை 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650. பகலில் சிவகாசி அச்சகங்களுக்குப் பட்டாசுப் பெட்டி லேபிள்களை கோரல்டிராவில் வடிவமைப்பேன். இரவில் தம்பியின் விளையாட்டு. இது நின்றால் வீட்டில் இரண்டு பேர் கை முடங்கும்.

முதலில் நோயைக் கண்டுபிடிப்போம்

விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல் பவர் 41’ என்ற வரி நின்றது. பலர் இதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முறைப்படி ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை. காரணத்தை நாம்தான் தேட வேண்டும். நீலத் திரை வந்தால் ரேம், டிரைவர் பக்கம் போகலாம். திரையில் கோடும் கட்டமும் வந்தால் கார்டைச் சந்தேகிக்கலாம். சத்தமே இல்லாமல் அணைந்தால் சூடு அல்லது மின்சாரம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போகும்.

சூட்டில் தொடங்கினேன். மூடியைக் கழற்றினால் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் கரிசல் தூசி மெத்தை போலப் படிந்திருந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் புளோயர் அடித்தேன். அடிக்கும்போது ஃபேன் றெக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும். பிராசசர் மேலிருந்த பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வைத்தேன். பிராசசர் சூடு 91 டிகிரியிலிருந்து 79க்கு இறங்கியது. ஆனாலும் இருபது நிமிட விளையாட்டில் மெஷின் மறுபடி அணைந்தது.

காய்ந்துபோன எர்த்

அடுத்தது அந்தச் சுர். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை எர்த்துக்கு வடிக்கச் சிறு கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் சரியில்லாவிட்டால் அந்தக் கசிவுக்குப் போக்கிடம் இல்லை. கேபினெட்டிலேயே நின்று, தொடுகிறவர் உடம்பு வழியாக இறங்கும்.

எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி சாக்கெட்டில் மீட்டர் வைத்தார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 231 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 140தான். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

“குழி காஞ்சு கெடக்கு தம்பி. தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சு?”

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். கொல்லைப்புறத்தில் எர்த் குழாயைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. குழாயை மண் தொடவே இல்லை. அண்ணாச்சி குழியைத் தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி, நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் மீட்டர் 228 காட்டியது. கேபினெட்டில் சுர் நின்றது. ஹெட்செட்டில் வருஷக்கணக்காக இருந்த ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் அதோடு போனது.

ஒரு எச்சரிக்கை. எர்த் கிடைக்காத வீடுகளில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கம்ப்யூட்டரின் இரும்பு உடம்பில் 230 வோல்ட் ஏறி நிற்கும்.

எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள்

எர்த் சரியான பிறகும் மெஷின் அணைவது நிற்கவில்லை. நண்பர் வீட்டு எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கி மாட்டினேன். இரண்டு மணி நேரம் ஓடியது, அணையவே இல்லை. குற்றவாளி யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பழையதைக் கழற்றி லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சின்னக் கட்டத்தில் 12 வோல்ட் வரிசைக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். மற்ற வரிசைகளின் கணக்கைக் கூட்டித்தான் மேலே 450 போட்டிருந்தார்கள். இதோடு நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. ஆறு கோடை கண்ட பெட்டிக்கு மூச்சு முட்டியதில் வியப்பில்லை.

புதிதாக வாங்கியது 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) தரச்சான்று பெற்ற 550 வாட் எஸ்எம்பிஎஸ். இதன் 12 வோல்ட் வரிசை மட்டுமே 500 வாட்டுக்கு மேல் தருகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள இத்தகைய எஸ்எம்பிஎஸ் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாமல் அணையலாம். சைன் வேவ் இன்வெர்ட்டர் நல்லது, அதையும் யுபிஎஸ் மோடில் வையுங்கள்.

பிராசசர்: ரைசன் 5 5600

பி450 போர்டு 2018இல் வந்தது. அதே ஏஎம்4 சாக்கெட்டில் 2022இல் வந்த 5600 உட்கார்கிறது. மதர்போர்டையும் ரேமையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. 2025 கடைசியில் ரேம் விலை எகிறிய பிறகு, கையிலிருக்கும் டிடிஆர்4ஐ வைத்தே ஓட்ட முடிவது பெரிய ஆறுதல்.

பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடலாம், ஆகவே பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிடம் மெஷினை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை மெல்ல இடம் வலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட் பிராசசரையும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் கண்ணீர்தான்.

ரேமை எடுக்கக் கை நீட்டியபோது அம்மா தடுத்தார். “இரும்பைத் தொட்டுட்டுக் கைய வையிடா.” இருபது வருஷம் பயராபீஸ் (பட்டாசு ஆலை) வேலைக்குப் போனவர். மருந்து அறைக்குள் போகும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குவதும், நைலான் விட்டு பருத்தி உடுத்துவதும் அவருக்குப் பழகிப்போனவை. இந்தப் பகுதியில் பட்டாசையும் தீக்குச்சியையும் உலர்த்தித் தருகிற அதே வறண்ட காற்றுதான் நம் உடம்பிலும் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கிறது. சுமார் 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த பொறியை விரல் உணராது. சிப் கெட அதைவிடக் குறைவே போதும். கேபினெட்டின் வர்ணம் பூசாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். இன்னொரு 8 ஜிபி ரேமைச் சேர்த்து, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் மாட்டினேன். பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன்.

கார்டு: ரேடியான் ஆர்எக்ஸ் 6600

2021 அக்டோபரில் வெளியான கார்டு. 8 ஜிபி நினைவகம், 132 வாட், ஒரே ஒரு எட்டுப் பின் ஒயர். பிராசசரை மாற்றும் முன்பே இதை மாட்டிப் பார்த்தேன், எது எவ்வளவு உதவுகிறது என்று பிரித்து அறிய.

சைபர்பங்க் 2077, 1080பி. பழைய 1650இல் மீடியம் அமைப்பில் நொடிக்கு 35 பிரேம். 6600 வந்ததும் ஹை அமைப்பிலேயே 55 ஆனது. ஆனால் சந்தை நெரிசலில் கார் ஓட்டினால் 35க்குக் கீழே விழுந்து திணறியது. 5600உம் இரண்டாவது ரேமும் வந்த பிறகு சராசரி 65, நெரிசலிலும் 50க்குக் கீழே இறங்குவது அபூர்வம். 2600இல் எல்3 கேஷ் இரண்டு எட்டு எம்பியாகப் பிரிந்து கிடக்கிறது. 5600இல் ஆறு கோர்களும் ஒரே 32 எம்பியைப் பகிர்கின்றன. திணறல் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

குறைகளும் உண்டு. இந்தக் கார்டு எட்டு பிசிஐஇ தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. பி450இல் பிசிஐஇ 3.0தான் என்பதால் பாதி வேகப் பாதைதான் கிடைக்கும். 8 ஜிபி நிரம்பும் அளவுக்கு டெக்ஸ்சரைக் கூட்டினால் அந்தக் குறை தெரிகிறது. ரே டிரேசிங்கை அணைத்தே வைத்திருக்கிறோம், இதன் பலத்துக்கு அது தாங்காது.

அறை 36 டிகிரியில் இருந்தபோது கார்டு 74இல் நின்றது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று ஃபேன். மூடியைக் கழற்றிப் போட்டு ஓட்டினால் இந்த ஊரில் ஒரே மாதத்தில் மறுபடி தூசி மெத்தை விழும்.

யாருக்கு, எந்த வரிசையில்?

மொத்தச் செலவு ஏறத்தாழ 38,000 ரூபாய். பழைய பி450 வைத்திருப்பவர்களுக்கு 5600ஐத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 1080பியில் விளையாடுவோருக்கு 6600 நியாயமான கார்டு. 1440பி மானிட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் இதைத் தவிர்த்து, 12 ஜிபி கார்டுக்குக் காசு சேருங்கள்.

காசு கையில் இருந்தாலும் கடைக்குப் போகும் முன் தூசியை எடுங்கள், எர்த்தைச் சோதியுங்கள், எஸ்எம்பிஎஸ் லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பெருக்கிப் பாருங்கள். முதல் இரண்டுக்கும் நான் கொடுத்தது அண்ணாச்சியின் கூலியும், கரி உப்புக்கான காசும் மட்டுமே.

தீபாவளி லேபிள் வேலை முடிந்த இரவு தம்பி நான்கு மணி நேரம் விளையாடினான், மெஷின் அணையவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை தோறும் வாசல் தெளித்த பிறகு அம்மா ஒரு குடத்தைக் கொல்லைப்புறத்துக்கு எடுத்துப் போகிறார். மாதம் ஒருமுறை நான் மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். 228லிருந்து அது இறங்கவில்லை.